ராத்திரியில் பேர் சொல்லக்கூடாது

என் பாட்டி இருட்டிய பிறகு பாம்பு என்று வாயெடுக்க மாட்டாள். 'பூச்சி' என்பாள். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். இது மூடநம்பிக்கை என்று கல்லூரிப் பேச்சுப்போட்டியில் முழங்கி, எவர்சில்வர் டிபன்பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். இப்போது இருபது வருடத் தவணையில் சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் காலநிலை மாற்றத்துக்குச் சித்திரையில் பேர் 'வெயில் கொஞ்சம் ஜாஸ்தி', கார்த்திகையில் பேர் 'தண்ணி கொஞ்சம் நிக்குது'.

வாய்தான் சொல்லாது, கைகாலுக்கு எல்லாம் தெரியும். 2015 டிசம்பரில் என் பழைய கார் கூரைவரை முழுகியது. அன்றிலிருந்து வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவி சொன்னால் போதும், சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் ஓடி, காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது நான் போவதற்குள் பாலம் நிறைந்துவிட்டது. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வழக்கம் அங்கே இன்னும் வரவில்லை, வரும். பாலத்தில் நின்றபடி மைலேஜ் பேசினோம், இன்சூரன்ஸ் பேசினோம், பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று பேசினோம். எதற்காக அங்கே நிற்கிறோம் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

போன ஐப்பசியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். டிபன்பாக்ஸ் ரத்தம் கொதித்து எழுந்துவிட்டேன். "காற்று ஒரு டிகிரி சூடானா ஏழு சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும். அதான் கொட்டினா ஒரேயடியா கொட்டுது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்! 2019-ல பார்த்தா ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தது..."

முதல் மாடி மாமா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். செயலாளர் என் காதோரம் வந்து, "சார், மெதுவா. சி பிளாக்ல வீடு பாக்க பார்ட்டி வந்திருக்கு" என்றார்.

சட்டென்று உட்கார்ந்துவிட்டேன். கொள்கைக்குப் பஞ்சமில்லை, ஆனால் என் வீட்டையும் தள்ளிவிடுகிற யோசனை இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அந்தச் சதுப்பு எங்கள் பால்கனியிலிருந்து தெரியும். விளம்பரத்துக்கு 'ரம்மியமான ஏரிக்காட்சி' என்று நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வருகிறது என்று அதில் எப்படிச் சேர்ப்பது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"ஏசிய பதினெட்டுல வெச்சுட்டுக் கம்பளி கேக்கறவரு, பூமி சூடாகுதுன்னா யாரு கேப்பா?" என்றாள். பதில் சொல்லக் கம்பளியை விலக்க வேண்டியிருந்தது; குளிர், விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நள்ளிரவில் காவலாளி கதவைத் தட்டினார். "சார், வாசப்படி வரைக்கும் தண்ணி. பூச்சி வேற மிதக்குது. பெரிசு."

"என்ன பூச்சி?"

"ராத்திரியில பேர் சொல்லக்கூடாது சார்."

சாவியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் பறந்தேன். எனக்கு முன்னால் செயலாளரின் கார். கொட்டுகிற மழையில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, "என்ன சார், காத்தாட வந்தீங்களா?" என்றார்.

"ஆமா சார், சும்மா காத்தாட" என்றேன்.