வர வேண்டிய பேட்ச், வரக் கூடாத பேட்ச்

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2000-இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் நான்கு சிடிகளில் வந்தது. அதன் பிழைகளைத் திருத்தி ஒரு பேட்ச் வெளியானால் எங்களுக்குத் திருவிழாதான். வீட்டு டயல்-அப்பில் இறக்கினால் பாதியில் லைன் அறுந்துவிடும். அதனால் பிரவுசிங் சென்டரில் இறக்கி, துண்டுகளாக்கி, பிளாப்பிகளில் ஏற்றி எடுத்து வருவோம். அவற்றில் ஒன்று மக்கர் செய்தாலும் மொத்தமும் வீண்.

இப்போது அதே விளையாட்டுக்கு 2013-இல் பீம்டாக் கொண்டுவந்த என்ஹான்ஸ்டு எடிஷன் இருக்கிறது. கேட்காமலேயே பேட்ச் வந்து இறங்குகிறது. நாங்களோ அது வந்துவிடக் கூடாதென்று விளையாட்டின் ஃபோல்டரையே வேறு இடத்தில் நகலெடுத்து, அங்கேதான் மாட்களை, அதாவது ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றங்களை, நிறுவுகிறோம்.

காரணம் டயலாக்.டிஎல்கே என்ற ஒரே ஒரு கோப்பு. பாத்திரங்கள் பேசும் பேச்சு, வாளின் பெயர், மந்திரத்தின் விளக்கம் என்று விளையாட்டின் எல்லா வாக்கியங்களும் அதில்தான் வரிசை எண்ணோடு கிடக்கின்றன. மற்ற கோப்புகளில் இருப்பது எண் மட்டுமே. பேட்ச் இந்தக் கோப்பைப் புதிதாக எழுதிவிட்டால், மாட் சேர்த்த எண்கள் ஆளில்லாமல் நிற்கும். புதிதாக வந்த பாத்திரம் பேச வாயெடுத்தால் வேறு யாருடைய வசனமோ வரும்.

ஆரம்ப கால மாட்களும் இதையேதான் செய்தன. ஒவ்வொன்றும் தனக்கென முழு டயலாக்.டிஎல்கே கோப்போடு வரும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது காலி. எனவே எந்த ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு விளையாடினோம். இதை மாற்றியது வெஸ் வைமர் எழுதிய வைடியு என்ற மாட் நிறுவும் கருவி. அது இருக்கிற வாக்கியங்களைத் தொடாமல், புதியவற்றைக் கடைசியில் சேர்த்து, அங்கேயே எண் வாங்கிக் கொடுக்கும். எதை, எந்த வரிசையில் நிறுவினோம் என்பதை வைடியு.லாக் கோப்பில் எழுதிவைக்கும். நடுவிலிருக்கும் ஒரு மாட்டை நீக்கச் சொன்னால், அதற்குப் பின் போட்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை எடுத்துவிட்டு, மீண்டும் அதே வரிசையில் மாட்டிவைக்கும். முன்பின் அறியாத ரசிகர்கள் தனித்தனியே எழுதியவை ஒரே விளையாட்டில் சேர்ந்து வாழ முடிந்தது இதனால்தான். அந்த விளையாட்டு இன்றுவரை உயிரோடிருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த விளையாட்டின் கதையை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் கெய்டரே அசென்ஷன் என்ற மாட்டை வெளியிட்டார். 2001-இல் வந்த த்ரோன் ஆஃப் பால் விரிவாக்கத் தொகுப்பின் இறுதிப் போரை அது கடுமையாக்கியது. எதிரியாக மட்டுமே வந்த பால்தசார் நம் பக்கம் சேரவும் வழி வைத்தது. எனக்கு அந்த முடிவுதான் உண்மையான முடிவு.

இன்று ப்ராஜெக்ட் இன்ஃபினிட்டி இருக்கிறது. தேர்ந்தெடுத்த மாட்களை வரிசையாக அதுவே நிறுவிக்கொடுக்கும். இரண்டு பாகங்களையும் ஒரே கதையாக இணைக்கும் ஈஈடி இருக்கிறது. முன்பு மாட் கிடைக்காமல் ஏங்கினோம், விளையாட நேரம் நிறைய இருந்தது. இப்போது கிடைப்பவை ஏராளம், மாலைப் பொழுதெல்லாம் ரீட்மீ படிப்பதில் போகிறது. அதைப் படித்தே ஆக வேண்டும். எதிரிகளைச் சாமர்த்தியமாகச் சண்டையிட வைக்கும் ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராடஜெம்ஸ் கிட்டத்தட்ட கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் சேர்ந்த பாத்திரங்களும் மந்திரங்களும் இடத்தில் இருந்தால்தான் அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

புதிதாக வரும் தம்பிகள், “அண்ணே, எதை முதல்ல போடணும்?” என்று கேட்கிறார்கள். விளக்கமெல்லாம் பிறகு. முதலில் என் வைடியு.லாக்கை அனுப்பிவைக்கிறேன், ஃபோல்டரை நகலெடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு.