வாத்தியாருக்கு வகுப்பெடுத்த செயின் லாக்

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தைச் சொல்லிவிடுவார். 152 அடி அணையின் முழு மட்டம், 136 பல வருடத் தகராறு, 142 என்பது 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நெல் இரண்டு போகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான் என்பதால் இந்த எண்களெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகின்றன. ஆனால் அதே ஆசாமியிடம், அவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளின் செயின் என்ன நம்பர் என்று கேட்டால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். செயின் என்றால் செயின், அதற்கென்ன நம்பர்?

உத்தமபாளையம் பக்கத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் அந்தக் கட்சிதான். வண்டியை வாரம் தவறாமல் துடைப்பார். செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பெயருக்குக்கூட செய்ததில்லை. ஒரு நாள் காலையில் கம்பத்துக்குக் கிளம்பியவர் அனுமந்தன்பட்டியை நெருங்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. திரும்பிப் பார்த்தால் செயின் பத்தடி பின்னால் தார்ச்சாலையில் கிடக்கிறது. செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் கிளிப் எங்கோ கழன்று, அதன் பின்னே தட்டும் போய், கடைசியில் செயினும் சன்னியாசம் வாங்கிக்கொண்டது.

மெதுவாகப் போனதால் பிழைத்தார். வேகத்தில் அறுந்த செயின் முன்பக்கப் பல்சக்கரத்தில் சுருட்டிக்கொண்டால் இன்ஜின் கேஸே உடையும். பின்சக்கரம் இறுகிப்போனால் ஆளும் உருளுவார்.

நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நின்றால் நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் ஒரு கிராமசபை கூடிவிடும். “என்ன வாத்தியாரே, செயின் அந்துருச்சா?” என்று வாழை இலைக்கட்டோடு போன எக்ஸெல்காரர் இறங்கினார். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தவர், பந்தல் போட்டு மிஞ்சிய கம்பித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, “ரெண்டு சுத்து சுத்தி முறுக்கிவிட்டா கம்பம் வரைக்கும் தாங்கும்ணே” என்றார். பன்னீர் திராட்சைக் கொடியைத் தாங்கும் கம்பிதான். இன்ஜின் இழுப்பைத் தாங்காது என்று மறுத்துப் பேச அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. நல்லவேளை, எக்ஸெல்காரரே கடைக்குப் போய் ஒரு லாக் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. லாக்கின் இரண்டு பின்னும் செயினுக்குள் சமர்த்தாகப் போயின. வெளித்தட்டை மாட்டியும் ஆயிற்று. ஆனால் கிளிப் உட்கார வேண்டிய பள்ளம் வெளியே தலைகாட்டவே இல்லை. ஒருவர் கல்லால் தட்டினார். இன்னொருவர் கல் சரியில்லை என்று வேறு கல் தேடினார். கிளிப் துள்ளிப் புல்லுக்குள் விழுந்தது. சபை முழுவதும் குனிந்து அதைத் தேடியது.

கடைசியில் வண்டியை உருட்டிக்கொண்டே ஒரு பட்டறையை அடைந்தார்கள். உள்ளே இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மெக்கானிக், வாத்தியாரிடம் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராமல் பெஞ்சு மேல் நின்றவர்.

“சார், இது என்ன நம்பர் செயின்?”

“நம்பரா?”

மெக்கானிக் செயின் தட்டு ஒன்றைத் துணியால் தேய்த்துக் காட்டினார். 428H என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. “முதல் நாலு இருக்குல்ல சார், அது எட்டுல நாலு இஞ்சு. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்.”

வாத்தியாருக்குக் கை துறுதுறுத்தது. நான்கின் கீழ் எட்டு, அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். “அப்ப 520?” “எட்டுல அஞ்சு சார், 15.875. பெரிய வண்டிக்கு.” அடுத்த இரண்டு இலக்கமும் உள் அகலம், அதுவும் எட்டின் பங்குதான் என்றதும் வாத்தியார் மனக்கணக்கில் இறங்கினார். 420-இல் 20 என்றால் எட்டில் இரண்டு, கால் அங்குலம். சரி. 428-இல் 28 என்றால் எட்டில் 2.8, அதாவது 0.35 அங்குலம், கிட்டத்தட்ட 8.9 மில்லிமீட்டர் வர வேண்டும். மெக்கானிக் அளந்து காட்டியதோ பதினாறில் ஐந்து, 7.94தான்.

“கணக்கு இடிக்குதேப்பா!”

“அது கம்பெனிக்காரன் கணக்கு சார். நீங்க எனக்குப் போடாத பாஸ் மார்க்க, அவனுக்குப் போட்டுருங்க.”

இந்த ஒரு வரிக்காகவே அவர் அத்தனை வருடம் காத்திருந்திருக்க வேண்டும்.

கடைசியில் நிற்கும் அந்த H எழுத்துதான் சாலையில் வில்லனாக இருந்தது. H போட்ட செயினில் பக்கத் தட்டுகள் தடிமனானவை. தூரமும் அகலமும் வெறும் 428-க்கு என்னவோ அதேதான். ஆனால் தடித்த தட்டுகளைக் கடந்து வெளியே வர லாக்கின் பின் நீளமாக இருந்தாக வேண்டும். எக்ஸெல்காரர் வாங்கி வந்தது சாதா 428 லாக். எந்தக் கல்லால் தட்டினாலும் பள்ளம் வெளியே வராது. மாற்றிப் போட்டாலும் வம்புதான். H லாக்கைச் சாதா செயினில் மாட்டினால் தட்டு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். நம்பர் சரியாக இருந்தாலும் செயின் எந்தக் கம்பெனியோ லாக்கும் அதே கம்பெனி என்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

இந்த ரோலர் செயினை 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்றுச் செய்தார். நமக்கு அது அவ்வளவு தூரத்துச் சரக்கு இல்லை. டைமண்ட் செயின் அம்பத்தூரிலிருந்தும், ரோலான் செயின் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்திடமிருந்தும் வருகின்றன. மாநிலத்துக்குள்ளேயே செயின் செய்கிறோம், அதன் மேல் எழுதியிருப்பதை மட்டும் படிக்க மாட்டோம்.

மெக்கானிக் புது 428H லாக் எடுத்தார். கழன்ற பழைய கிளிப் கிடைத்திருந்தாலும் அதைப் போட்டிருக்க மாட்டார். ஒருமுறை விரிந்த ஸ்பிரிங் கிளிப்புக்குப் பிடிமானம் போய்விடும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினார். செயினின் இரண்டு முனைகளையும் அந்தரத்தில் பிடித்து மல்லுக்கட்டவில்லை. பின்பக்கப் பல்சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பல்லில் உட்காரவைத்தார். முனைகள் அசையாமல் நின்றன. உட்பக்கமிருந்து லாக்கைச் செருகி, வெளியே தட்டை வைத்து அழுத்தினார். இரண்டு பின்னிலும் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

“இப்பப் பாருங்க சார். கிளிப்பு ஒரு மீனு மாதிரி. மூடியிருக்கிற பக்கம் தலை, பிளந்த பக்கம் வாலு. மீன் தலை செயின் ஓடுற பக்கம் பார்க்கணும்.”

மேல்பக்கச் செயினில் என்றால் தலை வண்டியின் முன்பக்கம். கீழ்ப்பக்கத்தில் செயின் பின்னோக்கி ஓடுவதால் தலையும் பின்னால் பார்க்கும். காரணம் எளிது. வால் முன்னால் இருந்து கல்லோ குச்சியோ இடித்தால், கிளிப் தலைப்பக்கமாக நகர்ந்து பின்னிலிருந்து கழன்றுவிடும். தலை முன்னால் இருந்தால் இடி வாங்க வாங்க இன்னும் இறுகும். வாத்தியார் வண்டியில் பழைய கிளிப் எந்தப் பக்கம் நீந்திக்கொண்டிருந்தது என்று இனி யாரும் விசாரிக்க முடியாது.

கட்டிங் பிளேயரின் ஒரு வாயை மீனின் தலையிலும், மறு வாயை வால்பக்கத்துப் பின்னிலும் கொடுத்து ஒரு அழுத்து. ‘டிக்’. பிறகு சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரு பக்கக் குறியையும் சமமாக வைத்து நட்டை முடுக்கி, கீழ்ச்செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தார். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். கம்பெனிப் புத்தகம் சொல்வதே இறுதி. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்தார், ஏனென்றால் பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் இளவட்டங்களின் 520 ஓ-ரிங் செயின் கதை வேறு. அதில் பெரும்பாலும் கிளிப்புக்குப் பதில் ரிவிட் அடித்த லாக்தான். பின்னின் தலையை விரிக்கத் தனிக் கருவி வேண்டும், செயினின் இருபுறமும் சேர்த்து நான்கு ரப்பர் வளையம் விடாமல் கோக்க வேண்டும். அங்கே பந்தல் கம்பியோடு வரும் அண்ணன்மாரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவதே நல்லது.

மற்றவர்கள், செயின் தட்டில் உள்ள நம்பரை இன்றைக்கே துடைத்துப் படித்துவிடுங்கள். கடைக்குப் போனால் “லாக் ஒண்ணு” என்று கேட்காமல் கடைசி எழுத்து வரைக்கும் சொல்லிக் கேளுங்கள். வாங்குவது வாங்குகிறீர்கள், இரண்டாக வாங்கி ஒன்றை வண்டியின் டூல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அப்படியே, வீட்டில் தேங்காய் உரிக்கப் போன கட்டிங் பிளேயரையும் அதே பெட்டிக்குத் திருப்பி அனுப்பி வையுங்கள்.