பிடியரிசி

இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம். இந்தக் கொள்கையோடு 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கியது இந்திய மிஷனெரி சங்கம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1909-ல் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார்; 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் ஊழியத்துக்குக் காசு புறப்பட்ட இடங்களில் ஒன்று எங்கள் வீட்டு அடுக்களை.

மெஞ்ஞானபுரம் பக்கம், தேரி மண்ணும் பனையுமாகக் கிடந்த ஊர் எங்களுடையது. அம்மா உலை வைத்ததும் அரிசி அளப்பாள். களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு, மண்கலயத்தில் போடுவாள். அதன் பிறகுதான் எங்களுக்குச் சோறு. பதநீர் முடிந்து வீட்டில் கைக்காசு வற்றும் மாதங்களிலும் அந்தப் பிடி சுருங்கியதில்லை. "நமக்கே பத்தாதேம்மா" என்றேன் ஒருநாள். "அது நம்ம அரிசி இல்லலே, எடுத்தாச்சு" என்றாள். அன்று அவள் தட்டில்தான் சோறு குறைந்தது. மாதக் கடைசியில் கலயங்கள் கோயிலுக்குப் போகும். அரிசியை விற்ற காசில் ஒரு பங்கு மிஷனெரி சங்கத்துக்கு.

சபையார் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை என்றால் முந்தின ராத்திரி ஊரே கோயில் வளாகத்தில் இருக்கும். ஆண்கள் விறகு பிளக்க, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவார்கள். கல்லூரி வாத்தியாரின் மனைவிக்கும் பனையேறியின் மனைவிக்கும் விரலில் ஒரே கறை. யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டால் நறுக்குகிற கை நிற்காமலே எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். ஆராதனை எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சபையில் எல்லோரும் பரிசுத்தவான்கள் என்று சொல்லமாட்டேன். கமிட்டித் தேர்தல் சண்டை அன்றும் உண்டு. ஆனாலும் கடவுளுக்குக் கொடுப்பதைக் கையால் கொடுத்தார்கள்.

இன்று கோயிலில் ஏசி இருக்கிறது, பாட்டு வரிகளைக் காட்டப் பெரிய திரை இருக்கிறது. காணிக்கைக்கு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். தொகை அன்றையதைவிட எத்தனையோ மடங்கு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அந்தப் பணத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அசனச் சமையல் காண்ட்ராக்ட்டுக்குப் போய்விட்டது. கூட்டிப் பெருக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். நமக்கு மிஞ்சியிருப்பது பாடுவதும் கேட்பதும்தான். அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பக்தி குறைந்துவிட்டது என்று இந்தப் பிள்ளைகளை ஏசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கண்ணீரோடுதான் பாடுகிறார்கள். அவர்கள் கைக்கு நாம் வேலை எதுவும் வைக்கவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். அன்று பெய்யத் தொடங்கிய மழை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் குளங்கள் உடைந்தன; கரண்ட் போனது, போன் டவரும் செத்தது. பள்ளமான தெருக்களில் இருந்தவர்கள், இன்ன மதம் என்றில்லாமல், கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஜிபே வேலை செய்யாத அந்த நாட்களில் வீடுவீடாக அரிசி வந்தது, டப்பாவிலும் முந்தானையிலும். கீபோர்டு வாசிக்கிற பையன் கழுத்தளவு துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கஞ்சி கிண்டினான். புகையில் கண் சிவந்திருந்தது. பாடகர் குழுப் பெண்கள், தண்ணீரில் நடந்து ஊறிப்போன கிழவிகளின் காலைத் துடைத்து மருந்து போட்டார்கள். இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை.

கிறிஸ்துமஸ் கீதபவனிக்குச் சேர்த்த பணத்தில் பாய், போர்வை வாங்கலாம் என்று முதலில் சொன்னதும் அந்தப் பையன்தான். பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லை. இப்போது சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு முன்னால் அவனும் இன்னும் சிலரும், வீட்டோடு முடங்கிய முதியவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள், பைப்பு வராத வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். பயிற்சி அரை மணி தாமதமாகத்தான் தொடங்குகிறது. பாடகர் குழுத் தலைவர் அதற்கேற்ப நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார்.