அப்பத்தா, அமெரிக்கா, வௌவால்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். இரவு ஒரு மணிக்கும் கொத்துப் பரோட்டாக் கல்லில் தாளம் கேட்கும். மூன்று மணிக்கும் மாட்டுத்தாவணியில் கண்டக்டர் திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் தொண்டை கிழியக் கூவுவார். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி இந்தியாவில் வேர்விட்டதும் இந்த ஊரில்தான். ஜெர்மனியில் இத்துறையின் முன்னோடி எர்வின் பூனிங்கிடம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்த பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதை வளர்த்தார். சன்னலும் கடிகாரமும் இல்லாத, வெளியுலகச் சத்தம் நுழையாத தனியறை ஒன்றுகூட அங்கே கட்டினார்கள். உள்ளே ஆளை விட்டு, நேரமே தெரியாத மனிதன் எப்போது தூங்குகிறான், எப்போது எழுகிறான் என்று குறித்துக்கொண்டார்கள். அதற்காகத் தனிக் கட்டடம் எதற்கு? எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம்.

எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் ஒன்றுதான், மணிதான் மூன்று. என் அம்மாவுக்கு (மகன் அப்பத்தா என்று கூப்பிட்டுப் பழகி, இப்போது தெருவுக்கே அப்பத்தா) நாலு மணிக்கு விடியும். ஐ.டி.யில் இருக்கும் என் மகனுக்கு அமெரிக்காவில் விடிந்தால்தான் விடியும். எனக்கும் என் மனைவிக்கும் இவர்கள் இருவரும் ஓய்கிற நேரம்தான் இரவு.

இதில் அமெரிக்காக்காரர்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பின்னே இழுப்பார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. ஆக, எங்கள் அடுப்பில் தோசைக்கல் ஏறும் நேரத்தை முடிவு செய்வது என் மனைவி அல்ல.

தினமும் காலை பத்து மணிக்கு மகனின் அறை வாசலில் ஒரு வழக்கு நடக்கும்.

“ஏன்டா ராசா, வெயிலு உச்சிக்கு வந்துருச்சு, இன்னுமா எந்திரிக்கல? வீட்டுல மூதேவி அடையும்டா.”

“அப்பத்தா, நான் படுத்ததே அஞ்சரைக்கு.”

“அஞ்சரைக்கு எந்திரிச்சவனத்தான்டா நான் பாத்திருக்கேன்!”

விடிகாலையில் எழுவது ஒழுக்கம், பிந்தி எழுவது குற்றம் என்பது நம் ஊர்த் தீர்ப்பு. உண்மையில் இதில் வயசுக்கும் பங்கு உண்டு, வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. வயசு ஏற ஏற உடம்புக் கடிகாரம் முந்திக்கொள்ளும், அப்பத்தா நாலு மணிக்கு எழுவதில் அவர் தவம் ஒன்றும் இல்லை. (இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பத்திரிகையில் எழுதலாம், அவருக்கு எழுத்து சின்னதாகத் தெரியும்.) பதினாறு, பதினேழு வயதில் அந்தக் கடிகாரம் தானாகவே பின்வாங்கும். இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது, காலையில் இமை பிரியாது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் காலை ஐந்து மணிக்கு பிளஸ் டூ டியூஷன் வைக்கிறோம்.

கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு செடி. 1729இல் பிரான்சில் தெ மைரான் என்ற வானியலாளர் தொட்டாற்சிணுங்கியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் அது பகலில் இலை விரித்து, இரவில் மூடிக்கொண்டது. 1962இல் மிஷேல் சீஃப்ர் என்ற இளைஞர், மணி காட்டும் எதுவும் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று, “முடிந்தது, வெளியே வா” என்றபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. லீவு முடிந்து ஆபீஸ் திரும்பும் எவருக்கும் இந்தக் குழப்பம் புரியும். கடிகாரம் மரபணுவில் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் கொடுத்தார்கள்.

மனித மூளையில் இந்தக் கடிகாரம் இருக்கும் இடம், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே. சுமார் 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான். தன் பாட்டுக்கு விட்டால் இது பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைச் சில நிமிடம் தாண்டி ஓடும். அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். அதற்கென்றே விழித்திரையில் தனி வகை உயிரணுக்கள் உண்டு. நீல ஒளி பட்டால் ‘பகல்’ என்று மூளைக்குத் தந்தி அடிப்பது அவற்றின் வேலை. இரவில் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தாலும் அதே தந்திதான் போகும். தூக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலட்டோனின் அன்றைக்குத் தாமதமாகத்தான் சுரக்கும்.

எங்கள் வீட்டு இரவுக் கதையைக் கேட்ட டாக்டர் என்னிடம், “காலையில் கொஞ்சம் வெளிச்சத்தில் நில்லுங்கள்” என்றார். டியூப்லைட்டில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். வீட்டு விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். ஆபீஸில் நாம் வெளிச்சம் என்று நம்பி உட்கார்ந்திருப்பதை நம் மூளை அந்திக் கருக்கலாகத்தான் பார்க்கிறது.

ஆகவே மொட்டை மாடிக்குப் போனேன். காரணம் இல்லாமல் மொட்டை மாடியில் நிற்கும் ஆண்பிள்ளையை எந்த அடுக்குமாடியும் சும்மா விடாது. “தண்ணி ஏறலையா சார்?” என்றார் ஒருவர். துணி காயப்போட வந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் வாளியோடு இறங்கிப் போனார். மூன்றாம் மாடி ரிட்டயர்ட் தாசில்தார், “வெயில் முதுகில் படணும், அப்பத்தான் விட்டமின்” என்று என்னைத் திருப்பி நிறுத்தினார். அவர் சொன்ன விட்டமின் டி தோல் சமாச்சாரம். எனக்கு வேண்டியது கண் வழியாகப் போவது. முதுகில் கண் இல்லை. (அதற்காகச் சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். வெளியே நின்றாலே போதும்.) கடைசியில் அப்பத்தாவின் கூழ் வற்றலுக்குக் காக்கா காவல் என்று சொல்லி நின்றேன். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதுரை ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது வௌவால் கதை. வெளிச்சம் எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்த வௌவாலும் சரியாக நேரம் தவறாமல் விழித்தது. எப்படி? கூட்டத்து வௌவால்கள் சாயங்காலம் கிளம்பிப் போய் விடியும்போது திரும்புகின்றனவே, அதை வைத்துத்தான். கூட்டம் இல்லாத குகையில் தனியே விட்டால் அதன் மணி நாளுக்கு நாள் விலகிப் போனது. இதைப் படித்த அன்றுதான் எங்கள் அடுக்குமாடி எனக்கு விளங்கியது. மேல்வீட்டு மிக்ஸி, பால்காரரின் ஹாரன், அப்பத்தாவின் வானொலி எல்லாம் குகைக்குத் திரும்பும் வௌவால்கள். என் மகன்தான் கூண்டில் இருக்கிறான், அவன் கூட்டமோ நியூ ஜெர்சியில்.

இதில் சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவு ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2007இல் வைத்தது, 2019இலும் மாற்றவில்லை. சாப்பாட்டுக்கும் கடிகாரம் இருக்கிறது. பகலில் உண்பதையே நள்ளிரவில் உண்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். ஒரு மணிப் பரோட்டாவை மதுரைக்காரனாக நான் எதிர்க்க முடியாது, எட்டு மணிக்கும் அதே கல்தான் காய்கிறது என்று மட்டும் நினைவூட்டுகிறேன்.

மகன் அறைச் சன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போட்டாயிற்று. நர்ஸ், போலீஸ், லாரி டிரைவர், வாட்ச்மேன் என்று உங்கள் தெருவிலும் ராத்திரி உழைத்துவிட்டுப் பகலில் படுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பத்து மணிக்கு அவர்கள் வீட்டு அழைப்பு மணியை அடிக்காதீர்கள், கூரியரை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள்.