துப்பாக்கி வேண்டாம், நாய் போதும்

இந்த வாரத் தபால் பையை அவிழ்த்தால் பாதிக்கு மேல் நாய். சரி, ஒரு கை பார்த்துவிடுவோம்.

கே: சுட்ட பறவையை ஓடிப் போய்க் கவ்விக்கிட்டு வர எந்த ஜாதி நாய் தோதுங்க? (சங்ககிரி வாசகர்)

ப: லாப்ரடார். ஆனால் தம்பி, நாய் பறவையைக் கவ்வுவதற்கு முன்னால் வனத்துறை உங்களைக் கவ்விவிடும். 1972-ல் வந்தது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டுவிட்டது.

கே: கௌதாரி, முயல் கூடவா? எங்க தாத்தா வாரம் ஒண்ணு கொண்டு வருவாரே! (வாழப்பாடி)

ப: தாத்தா காலத்தில் சட்டம் வேறு. இப்போது மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் என்றால் குறைந்தபட்சமே மூன்று வருடம், ஏழு வரை நீளும். தாத்தாவின் கதையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: துப்பாக்கியே இல்லாம, நாயை மட்டும் ஏவி விட்டா? (ஆத்தூர்)

ப: சட்டத்தின் கணக்கில் துரத்துவதும் வேட்டை, கண்ணி வைப்பதும் வேட்டை, முயன்று தோற்பதும் வேட்டை. முயல் தப்பித்துவிடும். நீங்கள் தப்பிக்க மாட்டீர்கள்.

கே: மரவள்ளிக் காட்டைக் காட்டுப்பன்றி நாசம் பண்ணுது. நாலு நாயை விட்டா என்ன? (தம்மம்பட்டி விவசாயி)

ப: உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது, வழி தவறானது. ஆண் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றை ஒரே வீச்சில் கிழித்துவிடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டினால் வனத்துறை சுடலாம், வனத்துறை மட்டும். நாயை அவிழ்க்காதீர்கள், மனு எழுதுங்கள்.

கே: சுடவும் கூடாது, துரத்தவும் கூடாது. அப்புறம் கவ்வி வர்ற நாய் எதுக்கு? (ராசிபுரம்)

ப: நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவ்வி வருவது அந்த நாயின் ரத்தத்தில் இருக்கிறது. அதற்குச் செத்த பறவைதான் வேண்டும் என்பதில்லை. பழைய காலுறைக்குள் பஞ்சைத் திணித்து வாயைத் தையுங்கள். வீட்டு நடை அல்லது இருபக்கமும் சுவர் உள்ள சந்தில் பத்தடி தூரம் வீசுங்கள். நாய் எடுத்ததும் அதை நோக்கிப் போகாதீர்கள். எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பின்னாலேயே வரும். வந்ததும் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பல்லை இறுக்கும், வாய் கெட்டுப்போகும். தாடைக்கு அடியில் கையை ஏந்தி, மறுகையில் ஒரு துண்டு கோழி ஈரலைக் காட்டுங்கள். பொத்தென்று விழும்.

ஒரு நாளைக்கு மூன்று வீச்சு போதும். நாலாவதற்கு நாய் கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள். மறுநாள் உங்களுக்கு முன்னால் அது எழுந்து நிற்கும்.

கே: வாய் மென்மைன்னு சொல்றாங்களே, எப்படிச் சோதிக்கிறது? (நாமக்கல்)

ப: நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? முட்டை! நன்றாகப் பழகிய லாப்ரடார் பச்சை முட்டையை ஓடு கீறாமல் கொண்டுவந்து கையில் வைக்கும். உடைத்தால் இன்னும் பழக்கம் போதவில்லை. அன்றைக்கு ஆம்லெட் நாய்க்கு.

கே: லாப்ரடார் எந்த நாட்டுக்காரர்? (திருச்செங்கோடு மாணவி)

ப: லாப்ரடாரில் பிறக்கவில்லை அம்மணி. கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வலை இழுத்து, நழுவிய மீனைக் கவ்விக் கொடுத்த நாய்களின் வாரிசு. இங்கிலாந்துப் பிரபுக்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய் வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903-ல் அங்குள்ள கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரலிடுக்கில் சவ்வு இருப்பது அந்தக் கடல் பிழைப்பின் சீதனம்.

கே: சிப்பிப்பாறைக்கு இதே வித்தையைச் சொல்லித் தர முடியாதா? (ஓமலூர்)

ப: முடியும். உங்களுக்குப் பொறுமை வேண்டும், அதற்கு மனசு வேண்டும். சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். அசைவதைப் பார்த்தால் பாயும். அசையாமல் கிடக்கும் காலுறை அதற்குக் குப்பை. பாய்ந்த பிறகு உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. நம் பக்கத்துக் காடுகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எத்தனை! முயலைப் பார்த்த வேகத்தில் நாய் உள்ளே போன கதை ஊருக்கு ஒன்று உண்டு. கயிறு இல்லாமல் வெட்டவெளியில் விடாதீர்கள். ஓட வேண்டுமா, வேலி அடித்த இடத்தில் ஓடட்டும்.

கே: கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் என்ன வித்தியாசம்? (எடப்பாடி)

ப: ஒட்டிய வயிறும் நீண்ட காலும் இரண்டுக்கும் ஒன்றே. கறுப்பு உடம்பில் பழுப்புப் பொட்டு என்றால் கன்னி. மற்றதை நாய்க்காரர்களிடம் கேட்டால் விடியும் வரை சண்டை போடுவார்கள்.

கே: லாப்ரடாரையும் சிப்பிப்பாறையையும் சேர்த்தா வேகமும் வரும், கவ்வுற குணமும் வரும் இல்லீங்களா? (பரமத்தி வேலூர்)

ப: வேகம் லாப்ரடாரிடமிருந்தும் கவ்வும் குணம் சிப்பிப்பாறையிடமிருந்தும் வந்துவிட்டால்? குட்டிக்கு எது போய்ச் சேரும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

1989-ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். நல்ல காரணம்தான். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கு நாய் முடி ஒவ்வாது. பிறந்தவை மூன்று குட்டிகள். கணவருக்கு ஒத்துவந்தது ஒன்றே ஒன்று. பிறகு உலகம் முழுக்க ஆளாளுக்குக் கண்டதையும் கண்டதோடு சேர்த்து விற்கக் கிளம்பியதைப் பார்த்து, ஏன் இதைத் தொடங்கினோம் என்று அந்த மனிதரே வருந்தினார். தெரிந்து செய்தவருக்கே மூன்றில் ஒன்று. உங்களுக்கு எதற்கு இந்தச் சூதாட்டம்?

கே: கோல்டன் ரிட்ரீவர் நம்ம ஊருக்கு ஆகுமா? (சேலம்)

ப: ஸ்காட்லாந்துக் குளிரில் 1868-ல் ட்வீட்மவுத் பிரபு, நூஸ் என்ற மஞ்சள் நாயையும் பெல் என்ற தண்ணீர் ஸ்பானியலையும் சேர்த்து உருவாக்கிய வம்சம். குணம் தங்கம். முடியோ நெருஞ்சி முள்ளுக்கும் உண்ணிக்கும் சத்திரம். தினமும் அரை மணி நேரம் சீவ ஆள் இருந்தால் வாங்குங்கள்.

கே: அப்படின்னா ஹஸ்கி? (அதே சேலம்)

ப: அடுத்து பென்குயின் கேட்பீர்களா? 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்கள் என்று ஒரு பட்டியலே போட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதில் உண்டு. சித்திரை வெயிலில் ஏசி அறைக்குள் கிடந்து மூச்சு வாங்கும் ஹஸ்கியைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது செல்லம் அல்ல, சித்திரவதை.

கே: எங்க லாப்ரடார் எவ்வளவு போட்டாலும் இன்னும் கேக்குது. (குமாரபாளையம்)

ப: நடிப்பில்லை, மரபணு. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்கும் சேதியைச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது. வயிறு நிறைந்தது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே! அளந்து போடுங்கள். விலா எலும்பு தடவினால் தட்டுப்பட வேண்டும்.

கே: கோழிப்பண்ணைக் காவலுக்கு லாப்ரடார் போடலாமா? (மோகனூர் பண்ணைக்காரர்)

ப: திருடனுக்கு வாலாட்டி, அவன் விட்டுப்போன செருப்பையும் கவ்விக் கொண்டுவந்து கொடுக்கும். காவலுக்கு ராஜபாளையம் அல்லது கோம்பை. ராஜபாளையம் குட்டியை எடுக்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. கோம்பை ஒரு எசமானைத்தான் ஏற்கும். ஆள் நடமாட்டம் அதிகமென்றால் யோசியுங்கள்.

இன்னொன்று. பண்ணையில் செத்த கோழியை நாய்க்கு வீசாதீர்கள். நோயும் பரவும். ருசி கண்ட நாய் நாளைக்கு உயிருள்ளதையும் தேடும்.

கே: நாய்க்கு நடுகல் உண்டாமே, நெசமா? (மேச்சேரி)

ப: நெசம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தியோடு அவர் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடமாகப் பெயர் நிற்கிறது. எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை.

கே: முப்பது நாள் குட்டி தர்றேங்கறாங்க. சின்னதா எடுத்தா நல்லா ஒட்டிக்கும்னு சொல்றாங்க. (தலைவாசல்)

ப: ஒட்டிக்கொள்வது நோய்தான். 2017-ன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. கடிக்கிற அளவைத் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. கவ்வும் நாய் வேண்டும் என்பவர் அந்தப் பள்ளிக்கூடத்தை நிறுத்தலாமா? லாப்ரடார் என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே கேளுங்கள். முறைக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கே: காசு கொடுக்க வசதியில்லை. தெரு நாய்க் குட்டி கவ்வி வருமா? (சேந்தமங்கலம் பள்ளி மாணவன்)

ப: வரும் கண்ணு. எல்லாம் வராது, சில வரும். பந்தை உருட்டிவிடு. ஓடிப் போய் எடுத்துக்கொண்டு உன் பக்கம் திரும்பிப் பார்க்கிற குட்டி எதுவோ, அதுதான் உன் நாய். அம்மாவிடம் முதலில் அனுமதி வாங்கு.

கே: பயிற்சிக்கு நல்ல நேரம் எது? (மல்லசமுத்திரம்)

ப: பஞ்சாங்கம் வேண்டாம். கோடையில் காலை ஏழுக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கே: எல்லாம் வாங்கியாச்சு. குட்டி நாளைக்கு வருது. வேறென்ன? (வெண்ணந்தூர்)

ப: மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி. அதன்பின் வருடா வருடம், மருத்துவர் சொல்லும் தேதி தவறாமல். வெறிநோய் முற்றியபின் நாயையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. ஊசிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேதியைக் காலண்டரில் இன்றைக்கே குறித்துவிடுங்கள்.