பிளேட்டு மாமா

ரெம்பியாவில் 'பேப்பர் லாமா' வேன் சத்தம் கேட்டால் எல்லாரும் பழைய பேப்பர் கட்டோடு வெளியே வருவார்கள். பிளேட்டு மாமா மட்டும் வெறுங்கையோடு வந்து, பழைய இசைத்தட்டு கிடைக்குமா என்று வேனுக்குள் தலையை விடுவார்.

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டிக் கணக்கு அவர் கையில். நெற்றியில் திருநீறு, நெஞ்சில் டெட்ராய்ட் ராக். அலோர் காஜாவிலும் இப்படி ஒருவர் உண்டு, தம்பினிலும் உண்டு. மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே இசைத்தட்டுக்கு மூவரும் அலைந்த பகை.

ஞாயிறானால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தை. உறையைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத தட்டு ஏது? பிறகு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடுவார். 'கிஸ்' குழுவின் 1975 'அலைவ்!' என்றால் லேபிள் நீலமா, பாலைவனப் படமா என்று பார்ப்பார். நீலமென்றால் முதல் பதிப்பு, பேரமே இல்லை. வீட்டில் கேட்டால் "இருபது வெள்ளி." பதினைந்து வருடமாக அதே இருபது வெள்ளிதான்.

"நாட்டுல விலை ஏறாத ஒரே சாமான் இதுதான் போல," என்பார் அத்தை.

வாங்கியதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மங்கு கவிழ்க்கும் ரேக்கில் காயவைப்பார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு இடமிருக்காது.

அவருடைய குலதனம் கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடின் 1971 'ஈ ப்ளூரிபஸ் ஃபங்க்'. உறையே வெள்ளி நாணயம்போல் வட்டம். அலமாரியில் நிற்காது, உருளும். ஒருநாள் உருண்டு சாமி அறைக்கே போய்விட்டது. தாம்பாளம் என்று நினைத்து அத்தை அதில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் வைத்துவிட்டார். கறை இன்னும் போகவில்லை.

1992இல் நீளமுடி ராக் பாடகர்களை ஆர்டிஎம் ஒதுக்கியபோது 'சர்ச்', 'விங்ஸ்' குழு ஆட்களே முடியை வெட்டிக்கொண்டார்கள். மாமாவுக்குத் தாங்கமுடியாத துக்கம். அப்போதே அவருக்கு வழுக்கை.

இவ்வளவும் செய்துவிட்டு அவர் கேட்கும் அழகுதான் வேடிக்கை. பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்குவாராம். அரங்கத்தையே அதிரவைத்த கிட்டார், மாமா வீட்டில் கொசுபோல் ரீங்கரிக்கும்.

நீங்கள் போனால் தேத்தண்ணி நிச்சயம். ஆனால் அவசர வேலை இருக்கிறதென்று வாசலிலேயே சொல்லிவையுங்கள். 'அலைவ்!' இரட்டைத் தட்டு, நாலு பக்கம்.