ஒரே கட்டுரை, மூன்று ரசீது

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைக்குப் பெரும்பாலும் அரசே மூன்று முறை பணம் தருகிறது: ஆய்வுக்கு நல்கை, ஆய்வாளருக்குச் சம்பளம், முடிவை மேல்நாட்டுப் பதிப்பகத்துக்கு இலவசமாகக் கொடுத்தபின் அதைப் படிக்கச் சந்தா. கட்டுரையைச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்குக் கூலி கிடையாது. நன்றி மின்னஞ்சல் உண்டு, பின்னாலேயே அடுத்த கட்டுரையும் வந்து சேரும். எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால் தனிக் கட்டணம். ‘நேச்சர்’ இதழில் அது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். சிற்றூர் அரசுக் கல்லூரிக்கும் இதழ்கள் எட்டும் என்பது மெய்யான நன்மைதான். அரசு நிறுவனம் எதிலும் சேராமல் வரி மட்டும் கட்டுகிறவர் வாசலில் நிற்கலாம்.

இதே பெங்களூருவில் 1932-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் தொடங்கியது, 1934-ல் சி.வி. ராமன் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவி அதற்கென ஆய்விதழும் கண்டார். அகாதெமியின் இதழ்களை இன்று இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். பதவி உயர்வுக் குழுக்களுக்கோ, காசில்லாமல் கிடைப்பதில் அவ்வளவாக நம்பிக்கை பிறப்பதில்லை.